தண்டனை வாங்காதவர் மட்டும் திரும்பவில்லை!

சிங்கப்பூர், மரீனா பே. 2008 செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை இரவு. ஃபார்முலா ஒன் வரலாற்றிலேயே முதல் முறையாக விளக்கு வெளிச்சத்தில் பந்தயம். நம்மூரில் சாயங்காலம் ஐந்தரை மணி.

14-வது சுற்று. 17-வது வளைவைக் கடக்கும்போது ரெனால்ட் அணியின் கார் ஒன்று பின்பக்கம் வழுக்கிச் சுழன்று கான்கிரீட் சுவரில் மோதுகிறது. உடைந்த பாகங்கள் ஓடுபாதையெங்கும் சிதறுகின்றன. ஓட்டியவர் நெல்சன் பிக்கே ஜூனியர், வயது 23, முன்னாள் உலக சாம்பியனின் மகன். காயமில்லாமல் இறங்கி நடக்கிறார். ‘அனுபவமில்லாத பையன், இடித்துவிட்டான்’ என்று பார்த்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள்.

அந்த வளைவில் கிரேன் கிடையாது. காரை அகற்ற நேரமாகும் என்பதால் பாதுகாப்பு கார் உள்ளே வருகிறது. எல்லோரும் வேகத்தைக் குறைத்து வரிசையில் ஊர்கிறார்கள். 15-வது இடத்திலிருந்து கிளம்பிய இன்னொரு ரெனால்ட் ஓட்டுநர் ஃபெர்னாண்டோ அலோன்சோ மட்டும் 12-வது சுற்றிலேயே எரிபொருள் நிரப்பி முடித்திருந்தார். மற்றவர்கள் இனிமேல்தான் நிற்க வேண்டும். வாய்ப்பே இல்லை என்று எல்லோரும் கைவிட்டிருந்த அலோன்சோ அன்று முதலாவதாக வந்தார்.

பதினொரு மாதம் கழித்து பிரேசில் தொலைக்காட்சி ஒன்று செய்தியை உடைத்தது. அந்த மோதல் விபத்தே இல்லை. இடம், சுற்று எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்தவை. கிரேன் இல்லாததால்தான் அந்த வளைவு.

இத்தனை வருடம் கழித்து இதை எடுக்கக் காரணம் உண்டு. 2025 ஜூனில் வந்த பிராட் பிட்டின் ‘எஃப் ஒன்’ படத்தில் கதாநாயகன் வேண்டுமென்றே உரசி, பாதுகாப்பு காரை வரவழைத்து, சக வீரனுக்கு வழி செய்து கொடுப்பார். படம் அதைச் சாமர்த்தியமாகக் காட்டுகிறது. இன்னொரு பக்கம், துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் 2025 ஜனவரியில் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்ததிலிருந்து கார் பந்தயத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காத வீடுகளிலும் பந்தயப் பேச்சு. இதற்கு நடுவில், சிங்கப்பூர் மோதலால் பட்டத்தை இழந்ததாகச் சொல்லும் பிரேசில் வீரர் ஃபெலிப்பே மாஸாவின் வழக்கு லண்டனில் சூடு பிடித்திருக்கிறது. ஏமாற்றியவர்களுக்குக் கிடைத்த தண்டனை சரியா என்ற கேள்வி மறுபடி மேலே வந்துவிட்டது.

மண்ணூர்பேட்டைக்கு என்ன சம்பந்தம்?

சென்னையில் சி.டி.எச். ரோட்டில் பாடியைத் தாண்டி மண்ணூர்பேட்டை நிறுத்தத்தில் இறங்கினால் அம்பத்தூர் தொழிற்பேட்டையின் வாசலில் நிற்கிறோம். 1964-இல் தொடங்கிய பேட்டை. பாடியின் டிவிஎஸ் குழும ஆலைகளுக்கும் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கார் ஆலைகளுக்கும் உதிரி பாகம் கடைந்து கொடுக்கிற சின்னச் சின்ன ஷாப்புகள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. ரெனால்ட்டும் நிசானும் சேர்ந்து கட்டிய ஒரகடம் ஆலை திறக்கப்பட்டது 2010 மார்ச்சில்; சிங்கப்பூர் மோசடிக்குத் தீர்ப்பு வந்து ஆறே மாதத்தில்.

இந்த ஷாப்புகளில் இன்ஸ்பெக்‌ஷன் மேசையைப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும். பிளக் கேஜுக்கு இரண்டு முனை. ‘கோ’ முனை துளைக்குள் நுழைய வேண்டும். ‘நோ-கோ’ முனை நுழையக் கூடாது. நுழைந்தால் பீஸ் சிவப்புத் தொட்டிக்குப் போகும். டூல் தேய்ந்ததா, ஆபரேட்டர் அசந்தாரா என்றெல்லாம் கேஜ் கேட்காது. ஃபார்முலா ஒன்னும் இப்படித்தான் கார்களை அளக்கிறது. 2024-இல் பெல்ஜியப் பந்தயத்தை ஜெயித்த ஜார்ஜ் ரஸ்ஸலின் கார் குறைந்தபட்ச எடையைவிட ஒன்றரைக் கிலோ குறைவாக இருந்தது. வெற்றி பறிபோனது. 2025 நவம்பரில் லாஸ் வேகாஸில் மெக்லாரன் கார்கள் இரண்டிலும் அடிப்பலகை 9 மில்லிமீட்டருக்கும் கீழே தேய்ந்திருந்தது. இரண்டாவதாக வந்த லாண்டோ நோரிஸ், நான்காவதாக வந்த ஆஸ்கர் பியாஸ்ட்ரி இருவருமே தகுதி நீக்கம். இருவரும் ஏமாற்ற நினைத்ததாக யாரும் சொல்லவில்லை. அளவு தப்பியது, போனது.

அதே ஷாப்பில் ஒருவர் ரிஜெக்ட் பீஸை வேண்டுமென்றே ஓகே பெட்டியில் போட்டு அனுப்பினால் கதை வேறு. சார்ஜ் மெமோ வரும், சஸ்பென்ஷன் வரும், உள்விசாரணை நடக்கும். ‘சூப்பர்வைசர்தான் சொன்னார்’ என்று அவர் சொன்னால், சூப்பர்வைசருக்கு என்ன ஆகிறது என்று ஷாப்பே கவனிக்கும். தண்டனை அதிகம் என்று பட்டால் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகலாம். தொழில் தகராறுகள் சட்டத்தில் 1971-இல் சேர்க்கப்பட்ட 11-ஏ பிரிவு, வேலைநீக்கம் குற்றத்துக்குப் பொருத்தமானதா என்று பார்த்துத் தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுத்தது. புதிய தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்திலும் அந்த அதிகாரம் தொடர்கிறது. குற்றம் என்ன, யார் ஏவியது, யார் செய்தது, விசாரித்தவர் யார், லாபம் யாருக்கு என்ற ஐந்து கேள்விகளும் இந்தப் பகுதியில் சங்கம் வைத்திருக்கிற யாருக்கும் மனப்பாடம். இந்த ஐந்தையும் வைத்துக்கொண்டு சிங்கப்பூர் தீர்ப்பைப் படித்தால், ஒவ்வொரு கேள்வியிலும் அது சறுக்குவது தெரியும்.

அன்று இரவே தண்டனை வாங்கியவர்கள்

அதே பந்தயத்தில், அதே மோதலின் தொடர்ச்சியாக, உடனடித் தண்டனை வாங்கிய இரண்டு பேர் இருந்தார்கள். நிகோ ரோஸ்பெர்க்கும் ராபர்ட் குபிட்சாவும். அன்றைய விதிப்படி பாதுகாப்பு கார் வந்தவுடன் எரிபொருள் நிரப்பும் பாதை மூடப்படும். மூடியிருக்கும்போது உள்ளே வந்தால் பத்து விநாடி நின்று போகும் தண்டனை. இவர்கள் இருவருக்கும் டாங்க் காலியாகிக்கொண்டிருந்தது. வராவிட்டால் கார் நடுவழியில் நின்றுவிடும். வந்தார்கள், தண்டனையை அனுபவித்தார்கள். ரோஸ்பெர்க் அதையும் தாங்கி இரண்டாவதாக முடித்தார், குபிட்சா 11-வது.

திட்டம் போட்டு மோதியவர்கள் பக்கம் அன்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மோதலால் மாட்டிக்கொண்டவர்கள் அரைமணி நேரத்துக்குள் தண்டிக்கப்பட்டார்கள். அந்த விதி நியாயமற்றது என்று உணர்ந்து அடுத்த ஆண்டே அதை எடுத்தும் விட்டார்கள். ரோஸ்பெர்க்குக்கு முன்னால் கோட்டைத் தாண்டிய ஒரே கார் அலோன்சோவுடையது. அந்த முதல் பரிசு மட்டும் இன்றுவரை கைமாறவில்லை.

பெட்டிச் செய்தி: யாருக்கு என்ன தீர்ப்பு?

2009 செப்டம்பர் 21 அன்று பாரிஸில் கூடிய, ஃபார்முலா ஒன்னைக் கட்டுப்படுத்தும் சர்வதேச அமைப்பான எஃப்.ஐ.ஏ.யின் உலக மோட்டார் விளையாட்டு கவுன்சில் சொன்னது:

ரெனால்ட் அணி: தகுதி நீக்கம். ஆனால் 2011 சீசன் முடியும்வரை நிறுத்திவைப்பு. இதே மாதிரி தப்பு மறுபடி நடந்தால்தான் அமலாகும். அபராதம் இல்லை. விசாரணைச் செலவை அணி ஏற்றது. பாதுகாப்புப் பணிகளுக்கு நிதி தருவதாகவும் முன்வந்தது.

அணித் தலைவர் ஃபிளாவியோ பிரியாட்டோரே: காலவரையற்ற தடை. (தனக்கு இதில் பங்கில்லை என்று மறுத்தார்.)

பொறியியல் தலைவர் பாட் சைமண்ட்ஸ்: ஐந்து ஆண்டு தடை. (வருத்தம் தெரிவித்தார். யோசனை முதலில் பிக்கேயிடமிருந்து வந்தது என்றார்.)

நெல்சன் பிக்கே ஜூனியர்: உண்மையைச் சொன்னதால் முழு விலக்கு.

ஃபெர்னாண்டோ அலோன்சோ: திட்டம் தெரியாது, குற்றமற்றவர். வெற்றி அப்படியே.

ஃபெலிப்பே மாஸா: அவரைப் பற்றி ஒன்றும் இல்லை.

குற்றம் சாட்டியவரே நீதிபதி

காகிதத்தில் பார்த்தால் தண்டனை கடுமைதான். மூன்றரை மாதம்கூட நிற்கவில்லை. 2010 ஜனவரி 5 அன்று பாரிஸ் நீதிமன்றம் இரண்டு தடைகளையும் ரத்து செய்தது. பிரியாட்டோரேவுக்கு 15,000 யூரோ, சைமண்ட்ஸுக்கு 5,000 யூரோ இழப்பீடும் கொடுக்கச் சொன்னது.

மோதல் நடக்கவில்லை என்று நீதிமன்றம் சொல்லவில்லை. இப்படிப்பட்ட தடை போட எஃப்.ஐ.ஏ.யின் விதிகளில் அதிகாரம் இல்லை என்றது. பிரியாட்டோரேவோடு நேரடி மோதலில் இருந்த அன்றைய எஃப்.ஐ.ஏ. தலைவர் மாக்ஸ் மோஸ்லியே கவுன்சிலுக்குத் தலைமை வகித்து முடிவெடுத்ததையும் குறையாகச் சொன்னது. வேலைநீக்க வழக்குகளில் தொழிலாளர் தரப்பு வக்கீல்கள் எடுத்து வைக்கிற வாதம்தான் இது: புகார் கொடுத்தவரே விசாரணை நாற்காலியில் உட்காரக் கூடாது. நம் ஆலைகளில் இந்த ஓட்டையால் அப்பாவிகளும் தப்பியிருக்கிறார்கள், தப்பு செய்தவர்களும் தப்பியிருக்கிறார்கள். தண்டிக்க வேண்டும் என்ற வேகத்தில் முறையை விட்டுவிட்டால் தண்டனையே கையை விட்டுப் போகும். மோஸ்லி தரப்பு செய்த பெரிய தவறு அதுதான் என்பது என் கருத்து. இவ்வளவு கனமான வழக்கை இவ்வளவு மெலிதான முறையில் நடத்தியிருக்கக் கூடாது.

ஏப்ரல் 2010-இல் சமரசம். 2012 முடியும்வரை ஃபார்முலா ஒன்னில் வேலை பார்ப்பதில்லை என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். அதற்குப் பின் நடந்ததுதான் இந்தக் கட்டுரையின் மையம்.

சைமண்ட்ஸ் சமரச காலத்திலேயே ஓர் அணிக்கு வெளியாலோசகராக இருந்தார். 2013-இல் வில்லியம்ஸ் அணியின் தொழில்நுட்பத் தலைமை. 2017-இல் ஃபார்முலா ஒன் நிறுவனத்துக்கே போய், 2022-இல் அறிமுகமான புதிய கார் விதிகளை வகுத்தவர்களில் ஒருவரானார். பந்தயத்தைக் கெடுத்ததற்காகத் தடை வாங்கியவர், பந்தயத்தின் விதிகளை எழுதினார்.

பிரியாட்டோரே 2024 ஜூனில் திரும்பினார். எந்த அணிக்கு? அன்று ரெனால்ட் என்ற பெயரில் ஓடி இன்று ஆல்பைன் என்ற பெயரில் ஓடும் அதே அணிக்கு. நிர்வாக ஆலோசகர் என்று வந்தவர், 2025 மே மாதம் அணித் தலைவர் ராஜினாமா செய்தபின் பொறுப்பை முழுசாகக் கையில் எடுத்துக்கொண்டார்.

பிக்கே ஜூனியர்? தண்டனையே கிடையாது என்று எழுதிக் கொடுத்தார்களே, அவர் ஃபார்முலா ஒன்னில் அதன்பின் ஒரு பந்தயம்கூட ஓட்டவில்லை. அமெரிக்காவுக்குப் போனார், 2014-15-இல் நடந்த முதல் ஃபார்முலா இ மின்கார் சாம்பியன்ஷிப்பை ஜெயித்தார். ஓட்டத் தெரியாதவர் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அந்தக் கதவு அவருக்குத் திறக்கவில்லை.

பிக்கே சுத்தமானவர் என்று நான் வாதாடவில்லை. மோதியது அவர் கை, அவர் கால். ரெனால்ட் அவரை 2009 ஆகஸ்டில் கழற்றிவிடும் நேரத்தில்தான் அவர் வாயைத் திறந்தார். அதுவரை அந்த ரகசியத்தோடுதான் சம்பளம் வாங்கினார். ஒரு சீசனாவது அவருக்குத் தடை இருந்திருக்க வேண்டும். ஆனால் அவருடைய வாக்குமூலத்தின்படி, ஒப்பந்தம் நீட்டிக்கப்படுமா என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் மேலிடத்திலிருந்து யோசனை வந்தது. பந்தயம் முடிந்து சில வாரத்தில் ஒப்பந்தமும் நீண்டது. ஒப்பந்தத் தொழிலாளர்களால் ஓடுகிற நம் தொழிற்பேட்டைகளில் அந்த நிலைமையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ‘முடியாது’ என்று சொல்ல நிரந்தர வேலை வேண்டும்.

நூறு மில்லியன் எங்கே, பூஜ்யம் எங்கே?

சிங்கப்பூருக்கு ஓராண்டு முன்பு, 2007-இல், இன்னொரு ஊழல். ஃபெராரி அணியின் நைஜல் ஸ்டெப்னியிடமிருந்து மெக்லாரனின் தலைமை வடிவமைப்பாளர் மைக் காக்லனுக்கு 780 பக்க ரகசிய ஆவணம் போனது. அது மாட்டிய விதம் சுவாரசியமானது. அந்தப் பக்கங்களைப் பிரதி எடுக்கக் காக்லனின் மனைவி இங்கிலாந்தில் தங்கள் ஊர்ப் பக்கம் இருந்த ஒரு ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோனார். ஃபெராரியின் குதிரைச் சின்னத்தோடு இத்தனை பக்கம் ஏன் இங்கே வருகிறது என்று கடைக்காரருக்குச் சந்தேகம். ஃபெராரிக்குத் தகவல் அனுப்பிவிட்டார். அத்தனை கோடி புரளும் விளையாட்டில் நேர்மையைக் காப்பாற்றியது ஒரு ஜெராக்ஸ் கடை.

மெக்லாரனுக்குத் தண்டனை: அணிகளுக்கான சாம்பியன்ஷிப் புள்ளிகள் முழுக்கப் பறிப்பு, 100 மில்லியன் டாலர் அபராதம். அன்றைய மதிப்பில் சுமார் 400 கோடி ரூபாய். விளையாட்டு உலகமே வாயடைத்துப் போன தொகை.

காகிதத்தைத் திருடியதற்கு நூறு மில்லியன். காரைச் சுவரில் மோதவிட்டுப் பந்தயத்தைத் திருடியதற்கு அபராதம் பூஜ்யம். இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவில் இரண்டே ஆண்டு. இரண்டிலும் மோஸ்லிதான் தலைவர். சிங்கப்பூர் குற்றத்தின் கனம் இதுவரை பார்த்திராத அளவு என்று கவுன்சிலே தன் தீர்ப்பில் சொல்லியிருந்தது. சொல்லிவிட்டு அணியை ஒரு பந்தயம்கூட உட்கார வைக்கவில்லை.

காரணத்தை அந்த ஆண்டின் செய்திகளில் தேடலாம். 2008 டிசம்பரில் ஹோண்டா வெளியேறியது. 2009 ஜூலையில் பிஎம்டபிள்யூ வெளியேறுவதாக அறிவித்தது. ரெனால்ட்டையும் துரத்திவிட்டால் கார் தயாரிக்கும் பெரிய நிறுவனங்கள் எத்தனை மிஞ்சும் என்ற பயம் கவுன்சில் மேசையில் இருந்திருக்காது என்று நம்புவது கஷ்டம். அந்த ஆண்டு டிசம்பரிலேயே ரெனால்ட் தன் அணியின் பெரும்பங்கை விற்றும்விட்டது. தாங்கிப் பிடித்ததற்குப் பலனும் இல்லை.

பணத்தைவிடப் பெரிய விஷயம் உயிர். பந்தயப் பாதையோரம் கொடி பிடித்து நிற்கும் மார்ஷல்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். 2000-இல் மொன்ஸாவில் பாவ்லோ கிஸ்லிம்பெர்த்தி, 2001-இல் மெல்போர்னில் கிரஹாம் பெவரிட்ஜ் என இரண்டு மார்ஷல்கள், மோதலில் பிய்ந்து பறந்த சக்கரம் பட்டுச் செத்தார்கள். நமக்கு ரொம்பத் தள்ளிப் போக வேண்டாம். பூந்தமல்லி தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கிற இருங்காட்டுக்கோட்டை ஓடுபாதையில் 2023 ஜனவரியில் மூத்த வீரர் கே.இ.குமார் கார் மோதி இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் பெங்களூரைச் சேர்ந்த 13 வயது பைக் வீரன் ஒருவன் அங்கே விழுந்து இறந்தான். எல்லோரும் விதியை மதித்து ஓட்டும்போதே இதுதான் நிலைமை. வேண்டுமென்றே சுவரில் மோதச் சொல்வதை ‘வியூகம்’ என்று கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. பிராட் பிட் செய்தாலும்.

பெட்டிச் செய்தி: தராசில் சில வழக்குகள்

1984, டிரெல் அணி: எடை குறைவான காருக்குள் தண்ணீரோடு ஈயக் குண்டுகளைக் கடைசி நேரத்தில் ஏற்றியதாகக் குற்றச்சாட்டு. அந்த ஆண்டின் எல்லா முடிவுகளும் அழிக்கப்பட்டன.

1995, டொயோட்டா (உலக ராலி): டர்போவில் மறைவான காற்றுவழி. புள்ளிகள் பறிப்பு, ஓராண்டு தடை.

2005, பி.ஏ.ஆர்.: மறைவான எரிபொருள் அறை. தகுதி நீக்கமும் இரண்டு பந்தயத் தடையும்.

2020, ஃபெராரி: என்ஜின் பற்றிய விசாரணை எஃப்.ஐ.ஏ.யோடு ரகசிய ஒப்பந்தத்தில் முடிந்தது. ஏழு அணிகள் எதிர்த்தன. உள்ளே என்ன என்று இன்றுவரை வெளியிடப்படவில்லை.

2022, ரெட் புல்: முந்தைய ஆண்டு செலவு வரம்பை 1.6 சதவீதம் தாண்டியது. 70 லட்சம் டாலர் அபராதம், காற்றியல் சோதனை நேரத்தில் 10 சதவீத வெட்டு. 2021 பட்டம் தொடப்படவில்லை.

சேப்பாக்கத்துக்குத் தெரிந்த வலி

அணியைத் தண்டித்தால் அப்பாவிகளும் பாதிக்கப்படுவார்கள் என்பது ரெனால்ட்டுக்குச் சாதகமாகச் சொல்லப்பட்ட வாதம். நூற்றுக்கணக்கான மெக்கானிக்குகள், வடிவமைப்பாளர்கள், சமையல்காரர்கள் வரை அந்தச் சம்பளத்தை நம்பியிருந்தார்கள். அதில் உண்மை இருக்கிறது.

சென்னை ரசிகர்கள் இதைத் தோலில் அனுபவித்தவர்கள். ஐபிஎல் சூதாட்ட விவகாரத்தில் 2015 ஜூலையில் நீதிபதி லோதா குழு சென்னை சூப்பர் கிங்ஸை இரண்டு ஆண்டு வெளியே அனுப்பியது. பந்தயம் கட்டியது அணி நிர்வாகத்தோடு தொடர்புடைய ஒருவர். தோனி எந்த மேட்சையும் விற்றதாகக் குழு சொல்லவில்லை. ஆனாலும் வீரர்கள் சிதறினார்கள், சேப்பாக்கம் இரண்டு கோடையாக மஞ்சள் இல்லாமல் கிடந்தது. கோபப்பட்டோம். ஆனால் அணி 2018-இல் திரும்பி வந்து கோப்பையைத் தூக்கியபோது, கணக்கு தீர்ந்தது என்று தலை நிமிர்ந்து சொல்ல முடிந்தது. தண்டனையை முழுசாக அனுபவித்தவர்களுக்கு மட்டும் கிடைக்கிற நிம்மதி அது. ரெனால்ட் அணிக்கு அந்த நிம்மதி கிடைக்கவில்லை. பிரியாட்டோரே டிவியில் முகம் காட்டும்போதெல்லாம் ‘சிங்கப்பூர்’ என்ற சொல் கூடவே வருகிறது, பதினைந்து ஆண்டு கழித்தும்.

பெட்டிச் செய்தி: அதே பந்தயம், வேறு கோர்ட்

சிங்கப்பூருக்கு இந்தப் பந்தயத்தைக் கொண்டுவந்ததில் முக்கியப் பங்கு வகித்தவர் தமிழ் வம்சாவளி முன்னாள் அமைச்சர் எஸ்.ஈஸ்வரன். பந்தயச் செலவில் 60 சதவீதம் அரசின் பங்கு. பந்தயத்தை நடத்திய தொழிலதிபர் ஓங் பெங் செங். பதவியில் இருந்தபோது பரிசுப் பொருட்கள் பெற்றது, நீதிக்கு இடையூறு செய்தது ஆகிய குற்றங்களை ஒப்புக்கொண்ட ஈஸ்வரனுக்கு 2024 அக்டோபர் 3 அன்று 12 மாதச் சிறை. அரசுத் தரப்பு கேட்டதோ ஆறேழு மாதம்தான். ஓங், நீதிக்கு இடையூறு செய்ய உடந்தையாக இருந்ததை ஒப்புக்கொண்டார். 2025 ஆகஸ்டில், அவருடைய கடும் நோயைக் கருதி, 30,000 சிங்கப்பூர் டாலர் அபராதத்தோடு விட்டது நீதிமன்றம்.

மாஸாவுக்கு என்ன கிடைக்க வேண்டும்?

2008 சாம்பியன் பட்டம் லூயிஸ் ஹாமில்டனுக்கு 98 புள்ளியில் போனது. மாஸா 97. ஒரே ஒரு புள்ளி.

சிங்கப்பூரில் மோதலுக்கு முன் முன்னணியில் இருந்தவர் ஃபெராரி ஓட்டுநர் மாஸா. பாதுகாப்பு கார் வந்ததும் எல்லோரும் ஒன்றாக எரிபொருள் நிரப்ப ஓடினார்கள். ஃபெராரியின் பச்சை விளக்கு முன்கூட்டியே எரிந்தது. எரிபொருள் குழாய் காரிலேயே தொங்க, மாஸா கிளம்பிவிட்டார். குழாயை இழுத்துக்கொண்டே போய்ப் பாதை முனையில் நின்று, மெக்கானிக்குகள் ஓடிவந்து பிடுங்கி எடுத்தார்கள். கடைசியில் 13-வது இடம், புள்ளி இல்லை. ஹாமில்டன் மூன்றாவதாக வந்து ஆறு புள்ளி எடுத்தார்.

பந்தயத்தையே ரத்து செய்தால் ஹாமில்டனுக்கு 92, மாஸாவுக்கு 97. பட்டம் கைமாறும். மாஸாவின் கோபம் புரிகிறது. ஆனாலும் அப்படிச் செய்வது நியாயமாகாது என்றே நினைக்கிறேன். ஹாமில்டனுக்கு மோசடியில் எந்தத் தொடர்பும் இல்லை. கடைசிப் பந்தயத்தில் ஐந்தாம் இடம் போதும் என்று கணக்குப் போட்டு ஓட்டினார், கடைசி வளைவில் அதைப் பிடித்தார். புள்ளி நிலவரம் வேறாக இருந்திருந்தால் வேறு மாதிரி ஓட்டியிருப்பார். குழாய் தொங்கியதும் ஃபெராரியின் சொந்தத் தவறு.

அலோன்சோவின் வெற்றி விஷயம் அப்படியில்லை. அவர் அறியாமலே ஓட்டினார் என்பதை ஏற்கலாம். ரஸ்ஸலும் தன் கார் ஒன்றரைக் கிலோ குறைவு என்று தெரிந்தா ஓட்டினார்? தெரியாமல் நடந்தாலும் அணியின் குறையால் வந்த லாபம் திருப்பி எடுக்கப்படும் என்பதுதான் இந்த விளையாட்டின் விதி. எடைக்கு ஒரு நியாயம், மோசடிக்கு ஒரு நியாயம் இருக்க முடியாது. 2009 செப்டம்பரிலேயே அந்த வெற்றியை எடுத்து ரோஸ்பெர்க்குக்குக் கொடுத்திருக்க வேண்டும். ஆண்டு இறுதிப் பரிசளிப்பு விழா முடிந்துவிட்டால் அந்த ஆண்டின் பட்டியல் மூடப்பட்டுவிடும் என்ற விதி குறுக்கே நின்றது. அப்படிப்பட்ட விதி, உண்மையை டிசம்பர்வரை மறைத்து வைக்கத் தெரிந்தவர்களுக்குக் கொடுக்கும் பரிசு.

மாஸாவின் வழக்கு இந்த இடத்தைத்தான் தொடுகிறது. எஃப்.ஐ.ஏ.வுக்கும் ஃபார்முலா ஒன் நிர்வாகத்துக்கும் விஷயம் 2008-லேயே, பட்டியல் மூடும் முன்பே தெரியும்; தெரிந்தும் அமுக்கிவிட்டார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. அதற்கு ஆதாரமாக அவர் காட்டுவது, அன்று ஃபார்முலா ஒன்னை ஆட்டிவைத்த பெர்னி எக்லஸ்டோன் 2023-இல் கொடுத்த பேட்டி. தனக்கும் மோஸ்லிக்கும் 2008-லேயே தெரியும் என்றும், விளையாட்டின் பெயரைக் காப்பாற்றப் பேசாமல் இருந்ததாகவும் அதில் சொல்லியிருந்தார். அப்படிச் சொன்னதாக நினைவில்லை என்று பின்னால் மாற்றிக்கொண்டார். மாஸா கேட்கும் இழப்பீடு சுமார் 64 மில்லியன் பவுண்டு. 2025 நவம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் வழக்கின் ஒரு பகுதியைத் தள்ளிவிட்டு, சதி பற்றிய பகுதி முழு விசாரணைக்குப் போகலாம் என்று அனுமதித்தது. பட்டத்தை நீதிமன்றம் மாற்றி எழுதாது என்பதும் தெளிவாகிவிட்டது.

கடைசியில் ஓடுபவருக்கு உடனடித் தீர்ப்பு

ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய நம் நாட்டு வீரர் நரேன் கார்த்திகேயனைக் கேட்டால் தண்டனை எவ்வளவு வேகமாக வரும் என்று சொல்வார். 2012 மார்ச், மலேசியாவின் செபாங். கடைசி வரிசையிலிருந்து கிளம்பிய நம்மவர், மழைக்கேற்ற டயரோடு ஓடி, பந்தயம் நிறுத்தப்பட்டபோது பத்தாவது இடத்தில் இருந்தார். பின்னால் ஒரு கட்டத்தில் உலக சாம்பியன் செபாஸ்டியன் வெட்டல் அவரைத் தாண்டும்போது இரண்டு காரும் உரசின. வெட்டலின் டயர் கிழிந்தது. பந்தயம் முடிந்த கையோடு நரேனுக்கு 20 விநாடி தண்டனை. வெட்டல் வாயில் வந்தபடி திட்டினார். தாண்டியபின் சீக்கிரமாக உள்ளே வெட்டியது வெட்டலா, இடம் விடாதது நரேனா என்பது இன்றும் வாதத்துக்குரியது. வாதாடி நேரத்தைக் கடத்தும் வசதி நரேனின் ஏழை அணிக்கு இல்லை. வக்கீல் பட்டாளமும், ‘நாங்கள் வெளியேறிவிடுவோம்’ என்று மிரட்டும் பலமும் உள்ள அணிகளின் வழக்குகள்தான் மாதக்கணக்கில் இழுத்து, சமரசத்தில் முடிகின்றன.

ஒரு நல்லது நடந்தது. பாரிஸ் நீதிமன்றத்தில் வாங்கிய அடிக்குப் பிறகு எஃப்.ஐ.ஏ. புகார் கொடுப்பவரையும் தீர்ப்புச் சொல்பவரையும் பிரித்து, தனி சர்வதேசத் தீர்ப்பாயம் அமைத்தது. 2013-இல் மெர்சிடீஸின் டயர் சோதனை வழக்கை அதுதான் விசாரித்தது. பெரிய அணிகளோடு மூடிய அறையில் ஒப்பந்தம் போடும் வழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. 2020 ஃபெராரி விவகாரம் சாட்சி. தீர்ப்பை வெளியிடாத எந்த விசாரணையையும் ஓட்டுநர்களும் ரசிகர்களும் ஏற்க வேண்டிய அவசியமில்லை. பரிசளிப்பு விழாக் கெடுவும் போக வேண்டும். மோசடி வழக்கில் கெடு, உண்மை வெளியே வந்த நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

லண்டன் விசாரணைக்கு நேரம் குறைவு. 2008-லேயே பிக்கேயின் தந்தையிடமிருந்து விஷயத்தைக் கேட்டதாகச் சொல்லப்படும் பந்தய இயக்குநர் சார்லி வைட்டிங் 2019-இல் இறந்துவிட்டார். மோஸ்லி 2021-இல் போய்விட்டார். யாருக்கு எப்போது தெரியும் என்று சத்தியப்பிரமாணம் எடுத்துச் சொல்லக்கூடிய பெரிய சாட்சியாக மிஞ்சியிருப்பவர் எக்லஸ்டோன். 2025 அக்டோபரில் அவருக்கு 95 வயது நிறைந்தது.